நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா?

பிள்ளை தவறிப்போன வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி எல்லாம் தாயை நோக்கித்தான் வரும். என்ன சாப்பிட்டே, பப்பாளி கிப்பாளி தின்னியா, கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தியா, மாடிப்படி ஏறினியா, திரும்பிப் படுக்கும்போது எந்திரிச்சு உக்காந்து படுத்தியா இல்லை அப்படியே உருண்டியா. தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் என்றாலும் எங்கள் காரைக்குடிப் பக்கத்து வளவு வீடுகளில் பங்காளி வகையறா மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து பட்டாலையில், அதாவது கூடத்தில், உட்கார்ந்துவிடுவார்கள், உள்ளறையில் படுத்திருக்கிறவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். அத்தனை பேரில் ஒருவர்கூட ஆஸ்பத்திரியைப் பார்த்து, பிள்ளையோடு வெளியே வருகிற நஞ்சுக்கொடியை, அந்த நஞ்சை, என்ன செய்தீர்கள், பரிசோதனைக்கு அனுப்பினீர்களா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி இங்கே பழக்கமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அண்ணமிண்டிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, 34வது வாரத்தில் பெண் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். முந்தின நாளிலிருந்தே அசைவு குறைவாக இருந்திருக்கிறது. "மாசம் ஏற ஏற உள்ள இடம் பத்தாதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சுற்றி இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதயத்துடிப்பு இல்லை. மருந்து கொடுத்து வலி வரவைத்துப் பிரசவம் பார்த்தார்கள். எடை 1.3 கிலோ. கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று இருந்தது. "கொடி சுத்திருச்சும்மா, நம்ம கையில ஒன்னும் இல்லை" என்றார்கள், எல்லோரும் அதையே காரணமாக எடுத்துக்கொண்டோம். குழந்தையைத் துணியில் சுற்றி அண்ணன் கையில் கொடுத்தார்கள். பெரியவர்கள் சிலர் கூடப்போய் ஊருணிக்கு அந்தப் பக்கம் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். நஞ்சு, மருத்துவக் கழிவு போகிற மஞ்சள் பையில் போய்விட்டது.

அப்பத்தா மட்டும், "கொடி சுத்திப் பொறந்தா அம்மானுக்கு ஆகாதும்பாக, அவனைக் காப்பாத்திட்டு அது போயிருச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அண்ணமிண்டியின் தம்பி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது இப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் என்ன செய்தான் பாவம்.

பல மாதம் கழித்து, அடுத்த பிள்ளை பற்றி யோசிக்கலாமா என்று கேட்க மதுரையில் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் கர்ப்பகால நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கடைசியாகப் போன பரிசோதனையில் ரத்த அழுத்தம் 140/90 என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. "34 வாரத்துக்கு 1.3 கிலோ ரொம்பக் குறைவு. ஒரு சுத்து கொடியால பிள்ளை இவ்வளவு மெலியாது. நஞ்சு ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. அப்படி ஒன்று எடுக்கலாம் என்றே யாரும் சொல்லவில்லை. நஞ்சு போன பிறகு அந்தக் கேள்விக்கு யாராலும் முழுப் பதில் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நட்ட கன்று பட்டுப்போனால் வேரைத் தோண்டிப் பார்க்கிற ஊர் இது. குழந்தைக்கு மூச்சுக்காற்று, சாப்பாடு, கழிவு எல்லாமே அந்த அரைக் கிலோ சதை வழியாகத்தான் போய் வந்திருக்கிறது. பிள்ளை எதனால் போனது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அமெரிக்காவில் இறந்து பிறந்த 512 குழந்தைகளின் விவரங்களை எடுத்து, எந்தப் பரிசோதனை காரணத்தைக் கண்டுபிடிக்க அல்லது ஒரு காரணத்தை இல்லை என்று ஒதுக்க உதவியது என்று பார்த்தார்கள். 2017இல் வெளியான ஆய்வு. நஞ்சுக்கொடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது நூற்றுக்கு 65 பேருக்கு உதவியிருக்கிறது. உடற்கூறாய்வு 42 பேருக்கு, மரபணுப் பரிசோதனை 12 பேருக்கு. இருப்பதிலேயே அதிகம் உதவுகிற பரிசோதனையில் குழந்தையின் உடம்பில் ஒரு கீறல்கூட விழுவதில்லை. நம் ஊரில் பிரேதப் பரிசோதனை என்றால் எந்தக் குடும்பமும் ஒத்துக்கொள்ளாது, அந்த மனசு எனக்குப் புரிகிறது. நஞ்சைக் கொடுப்பதற்கு யாருக்கும் மனத்தடை இருக்காது, எப்படியும் தூக்கிப் போடப்போகிற பொருள்தானே.

உடற்கூறாய்வுக்கும் இப்போது ஒரு மாற்று வந்திருக்கிறது. உடம்பைத் திறக்காமல் ஊசியால் சில இடங்களில் துளித் துளியாகத் திசு எடுத்துப் பார்க்கிறார்கள். கர்நாடகத்தில் தாவணகெரேயிலும் பாகிஸ்தானில் கராச்சியிலும் இந்த முறையில், நஞ்சையும் சேர்த்துப் பரிசோதித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வயிற்றில் இறந்த குழந்தைகளிடம் அவர்கள் அதிகம் கண்ட காரணம் ஆக்சிஜன் போதாமைதான். அதற்குப் பின்னால் இருந்தவை தாயின் ரத்த அழுத்தம், நஞ்சு சரியாக வேலை செய்யாதது, நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிடுவது மாதிரியானவை. பப்பாளியும் கிரகணமும் அந்தக் கணக்கில் இல்லை.

சரி, நடைமுறையில் எப்படிக் கேட்பது? பிரசவத்துக்கு முன்பே, இதயத்துடிப்பு இல்லை என்று சொன்ன அந்த நேரத்திலேயே, கூட இருக்கிற யாராவது ஒருவர் டியூட்டி டாக்டரிடம் "நஞ்சுக்கொடியை ஹிஸ்டோபேத்தாலஜிக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட வேண்டும். ஹிஸ்டோபேத்தாலஜி என்றால் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பரிசோதனை. அம்மாவுக்கு அதைச் சொல்லத் திராணி இருக்காது. கணவருக்கும் இருக்காது. அத்தையோ சித்தப்பாவோ தங்கச்சியோ, நிதானமாக இருக்கிற ஒருவர் வேண்டும். நஞ்சை, திசு கெடாமல் காக்கிற ஃபார்மலின் திரவம் ஊற்றி மூடிய டப்பாவில் அனுப்புவார்கள். உடனே ஃபார்மலின் இல்லை என்றால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. கிருமி இருக்கிறதா, மரபணுக் குறை இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டுமானால் ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே கொஞ்சம் எடுத்துக்கொள்ளவேண்டும், அதனால்தான் முதலிலேயே சொல்லச் சொல்கிறேன். சின்ன நர்சிங் ஹோமில் லேப் இருக்காதுதான். ஆனால் மருத்துவக் கல்லூரி என்றால் நோய்க்குறியியல் துறை இருந்தே ஆகவேண்டும். சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, புதுக்கோட்டையில் இருக்கிறது, மதுரையைச் சொல்லவே வேண்டாம். காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ ஒரு டப்பாவைக் கொண்டுபோக முடியாத தூரம் இல்லை.

குழந்தையை எடை போட்டு எழுதச் சொல்லுங்கள், நஞ்சின் எடையையும். டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டும் இருக்கவேண்டும். அண்ணமிண்டி விஷயத்தில் அந்த 1.3 என்ற எண் இல்லாமல் போயிருந்தால் மதுரை டாக்டருக்கும் பிடி கிடைத்திருக்காது.

கொடி சுற்றுவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் பாதிக் குடும்பங்களில் காரணம் அதோடு நின்றுவிடுகிறது. நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் கொடி கழுத்தில் சுற்றியிருக்கும். பெரும்பாலான குழந்தைகள் அப்படியே நன்றாகப் பிறந்து அழுகின்றன, டாக்டர் விரலால் எடுத்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் வீட்டிலேயே மாலை சுற்றிப் பிறந்தவர்கள் யாராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். கொடி முடிச்சு விழுந்து, இறுகி, குழந்தை போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சுற்றைப் பார்த்த உடனே அதுதான் காரணம் என்று முடித்துவிட்டால் ரத்த அழுத்தம், சர்க்கரை, நஞ்சில் ரத்தம் உறைதல் எதையும் யாரும் தேடப்போவதில்லை. தேடாதது அடுத்த கர்ப்பத்திலும் அங்கேயேதான் இருக்கும். ஒரு தடவை இப்படி ஆனவர்களுக்கு மறுபடி ஆகிற அபாயம் மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம் என்று பெரிய ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு அடுத்த குழந்தை நல்லபடியாகத்தான் பிறக்கிறது, அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இருந்தாலும் காரணம் தெரிந்த கர்ப்பத்துக்கும் தெரியாத கர்ப்பத்துக்கும் நிறைய வித்தியாசம்.

அதே மாதிரி, "ஏழுல பொறந்தா தங்கும், எட்டுல பொறந்தா தங்காது." பழைய கிரேக்க மருத்துவத்தில்கூட இப்படி ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. உண்மை நேர் எதிர், வயிற்றில் இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான். இதைச் சாதாரண நம்பிக்கை என்று விட்டுவிட முடியவில்லை எனக்கு. எட்டாம் மாதம் பனிக்குடம் உடைந்த ஒரு வீட்டில், எப்படியும் தங்காது என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவே தாமதித்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. குறைமாதத்தில் வலி வந்தால் தாய்க்குப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்பவர் ஆட்டுக்குட்டிகளிடம் கண்டதைத் தொடர்ந்து, ஹோவி என்பவரோடு சேர்ந்து 1972இல் மனிதர்களுக்கும் இது உதவுகிறது என்று காட்டினார். நம் மாதிரி நாடுகளில் பலிக்குமா என்ற சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வந்தது: ஊசி போட்ட குழுவில் இறந்த குழந்தைகள் நூற்றுக்கு 19.6, போடாத குழுவில் 23.5. அப்புறம் கங்காரு முறை, அதாவது குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் ஒட்டி வைத்திருப்பது. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. பிறந்த உடனேயே அப்படி வைத்தால் என்ன ஆகும் என்று டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவில் நான்கு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து பார்த்தன. எடை 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகள். உடல்நிலை சீரான பிறகு வைத்த குழுவில் நூற்றுக்கு 15.7 பேர் இறந்தார்கள், உடனே வைத்த குழுவில் 12. தாயின் நெஞ்சுக்கு இவ்வளவு சக்தி இருக்கும்போது எட்டாம் மாதம், தங்காது என்று எந்த அப்பத்தாவும் சொல்லக் கூடாது.

அசைவு விஷயம். இதில் ஆராய்ச்சி சொல்வதை அப்படியே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2018இல் வெளிவந்தது. அசைவு குறைந்தால் உடனே வரச்சொல்லிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து, வந்தவர்களை ஒரே முறையில் கவனித்தார்கள். இறந்து பிறப்பது ஆயிரத்துக்கு 4.40இலிருந்து 4.06 ஆனது, உறுதியாகக் குறைந்தது என்று சொல்ல அது போதாது. ஆகவே மணிக்கணக்காக எண்ணிக்கொண்டு பயந்து சாக வேண்டாம். ஆனால் மாசம் ஏறினால் அசைவு குறையும் என்பது பொய். அசைகிற விதம் மாறலாம், உதைப்பது போய் உருள்வது போல ஆகலாம், நின்றுபோவதோ நன்றாகக் குறைவதோ இயல்பு கிடையாது. உங்கள் பிள்ளையின் வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். அது மாறினால் அன்றைக்கே போங்கள். ஜூஸ் குடித்துப் பார், நாளைக்குப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை வாசல் தாண்ட வேண்டாம் என்று யார் சொன்னாலும் போங்கள். நள்ளிரவானால் 108க்குக் கூப்பிடுங்கள்.

படுக்கிற விஷயத்தில் மட்டும் நம் பெரியவர்கள் பாதி சரி. உருண்டால் கொடி சுற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து படுத்துத் தூங்கப்போகிறவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பவர்களைவிடப் பிள்ளை வயிற்றிலேயே தவறுகிற அபாயம் ஏறத்தாழ 2.6 மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் சொன்னார்கள். மல்லாந்தால் வயிற்றின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்துகிறது. தூங்கப்போகும்போது ஒருக்களித்துப் படுத்தால் போதும், இடையில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்திருந்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள், அதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

இனி, யாரும் எழுதாததால் நான் எழுதவேண்டிய ஒன்று. பிள்ளை போய் மூன்றாம் நாள் அண்ணமிண்டிக்குப் பால் கட்டியது. குழந்தை இல்லை என்று உடம்புக்குத் தெரியாது. நெஞ்சு கல்லாகிப்போய், ஜுரம் மாதிரி வந்து, அவர் அழுத அழுகை பிரசவ வலியில்கூட அழாதது. டிஸ்சார்ஜ் ஆகும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் சொல்லி அனுப்பவில்லை. வீட்டில் வேலை பார்க்கிற அக்காதான் மல்லிகைப்பூவை வாங்கிவந்து வைத்துக் கட்டச் சொன்னார். வலி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பிறகு தேடிப் படித்தபோது, மல்லிகைப்பூவையும் பால் வற்ற வைக்கிற புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு 1988இலேயே ஒரு மருத்துவ ஆய்வு வந்திருக்கிறது என்று தெரிந்தது. ரத்தத்தில் பால் சுரப்புக்கான ஹார்மோனை மாத்திரை அதிகமாகக் குறைத்தது, ஆனால் கட்டிக்கொள்வது, வலி, பால் அளவு இவற்றில் இரண்டும் சமம். பிரஷர் இருந்த பெண்ணுக்கு அந்த மாத்திரை ஆகாது என்பதையும் சேர்த்துப் படித்தபோது அந்த அக்காவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பிள்ளையை இழந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பும்போது, மூன்றாம் நாள் பால் கட்டும், இறுக்கமான உள்ளாடை போடு, பிழிந்து எடுத்துக்கொண்டே இருக்காதே, சிவந்து காய்ச்சல் அடித்தால் வா என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை ஒதுக்குங்கள், டாக்டர்களே, சிஸ்டர்களே.

குழந்தையின் முகத்தை அவருக்குக் காட்டவில்லை. பார்த்தால் மறக்கமுடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள், அன்பினால்தான். ஆராய்ச்சியாளர்களே இதில் ஒரு காலத்தில் தடுமாறியிருக்கிறார்கள். 2002இல் பிரிட்டனில் வந்த சின்ன ஆய்வு ஒன்று, குழந்தையைக் கையில் வாங்கிய தாய்மாருக்கு அடுத்த கர்ப்பத்தில் மனச்சோர்வு அதிகம் என்றது. அதன்பின் ஸ்வீடனில் வந்தவை வேறு மாதிரி சொல்லின. இப்போது பொதுவாக ஏற்கப்பட்டது, அவளிடம் கேள், அவள் விரும்பினால் கொடு, விரும்பாவிட்டால் வற்புறுத்தாதே என்பதுதான். அண்ணமிண்டியிடம் யாரும் கேட்கவில்லை. தலைமுடி நிறைய இருந்துச்சா என்று அவர் அண்ணனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறந்து பிறந்ததையும் பதியவேண்டும், அதற்குத் தனிப் படிவமே உண்டு. 1961இன் மகப்பேறு உதவிச் சட்டம் இறந்து பிறந்த குழந்தையையும் குழந்தை என்றே கணக்கில் எடுத்தது, ஆகவே அந்தச் சட்டத்துக்குள் வந்த வேலையில் இருந்தவர்களுக்கு மகப்பேறு விடுப்பு இருந்தது; 2025 நவம்பரிலிருந்து அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. கருச்சிதைவு என்றாலும் ஆறு வாரம் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் தனி விடுப்பு என்று 2022 செப்டம்பரில் ஆணை வந்தது. பிள்ளைதான் இல்லையே, எதற்கு லீவு என்று ஆபீஸில் கேட்டால் இதைக் காட்டுங்கள்.

இப்படி ஆனவர்கள் ஆறு வாரம் கழித்துக் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள், நஞ்சு ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள், கர்ப்பகால நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு. சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ரத்தம் உறைகிற ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு இருக்கிறதா என்று கேளுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது, பரிசோதனையை 12 வாரம் கழித்து ஒருமுறை திரும்பச் செய்து உறுதிப்படுத்துவார்கள். காரணம் பிரஷர் பக்கம் என்றால் ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். 2017இல் வந்த ஆய்வில், அபாயம் அதிகம் என்று கணிக்கப்பட்ட பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் ஆரம்பித்து 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே ப்ரீஎக்ளாம்ப்சியா என்கிற கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வந்து பிரசவம் பார்க்க நேர்ந்தது, மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 1.6, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4.3. நாமாக வாங்கிப் போடுகிற மருந்து இல்லை இது, டாக்டர் எழுதவேண்டும். ஆனால் 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பலன் தருகிறது. எங்கள் பக்கம் முதல் பிள்ளை தவறிய பெண், இரண்டாவது தரித்தால் மூன்று மாதம் தாண்டும்வரை கண்படும் என்று யாரிடமும் சொல்ல மாட்டாள், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பதியமாட்டாள். ஊருக்குச் சொல்லவேண்டாம், அது உங்கள் இஷ்டம். நாள் தள்ளிய உடனே டாக்டரிடமும் கிராம செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள், பழைய ரிப்போர்ட்டைக் காட்டி, வளர்ச்சி ஸ்கேன் எந்தெந்த வாரத்தில் என்று அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணமிண்டியின் நோட்டில் மதுரை டாக்டர் 28, 32, 36 என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். பிரஷர் ஏறினால் அதற்கு நடுவிலும் வரவேண்டும்.